நூல் தராத புழு

உலகத்தில் புழுக்கள் மொத்தம் இரண்டே ரகம். நூல் கொடுக்கிற ரகம் ஒன்று, கொடுக்காத ரகம் ஒன்று. முதல் ரகத்துக்கு மனிதன் இலை பறித்துப் போடலாம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டாவது ரகத்துக்கு இலை பறித்துப் போடுகிற கை மாணிக்கவேலின் வம்சத்தில் இதுவரை பிறக்கவில்லை, இனிமேல் பிறக்கப் போவதும் இல்லை.

இந்த உண்மையை எழுபத்தொன்பதாம் வருஷத்துப் பங்குனியில், ஆரணி நெசவுக்காரத் தெருமுனை டீக்கடையில், மாணிக்கவேலே அறிவித்தார். அறிவிக்கும்போது அவர் சிரிக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னார். தன் ஐம்பது சொச்சம் வயதில் அவர் ஒரு பட்டுப்புழுவைக்கூட உயிரோடு பார்த்தவரில்லை. பட்டு அவருக்கு பெங்களூர்ப் பக்கத்திலிருந்து சிட்டம் சிட்டமாகச் சுற்றிய நூலாக, செத்து, வெந்து, முறுக்கேறின பிறகுதான் வந்து சேரும். ஆனால் அதெல்லாம் ஒரு விஷயமா?

"இத்தினி வருசமா அதும் நூல்லதான் என் பொழப்பு ஓடிகினு கீது. அதும் மனசு எனுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

பெஞ்சில் இருந்தவர்களுக்கு வீட்டில் வேலை இருந்ததால், தெரியும் என்று ஒப்புக்கொண்டு எழுந்தார்கள்.

இவ்வளவு பெரிய உண்மையை வெளியிட வேண்டி வந்ததற்குக் காரணம், அவர் வீட்டுத் தோட்டத்தில் நின்ற எருக்கஞ்செடி. தோட்டம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு துவைக்கிற கல், ஒரு முருங்கை, கருகிப்போன ஒரு கனகாம்பரப் பாத்தி, சாயத்தண்ணீர் போய்ப்போய் என்ன நிறம் என்று மண்ணுக்கே மறந்துபோன ஒரு மூலை. அந்த மூலையில், கல்லுக்கும் சுவருக்கும் நடுவில், போன மழைக்கு ஒரு எருக்கு முளைத்தது. மாணிக்கவேலின் மனைவி கன்னியம்மாள் அதைப் பார்த்தாள். குனிந்து பிடுங்க வேண்டும். அன்றைக்கு இடுப்பில் தெம்பு இல்லை. நாளைக்குப் பிடுங்கலாம் என்று விட்டாள். மறுநாளும் இடுப்பு அதே இடுப்புதான். செடி முழங்கால் உயரம் வந்ததும் வயதுவந்த பெண்ணைப் பார்ப்பதுபோல அதை மரியாதையாகப் பார்க்க ஆரம்பித்து, அரிசி களைந்த தண்ணீரை அதன் தலையில் ஊற்றினாள்.

பிறகு புழு வந்தது. வெள்ளை, கறுப்பு, மஞ்சள் என்று வரிவரியாக, தலையிலும் முதுகிலும் வாலிலும் கறுப்புக் கொம்புகளோடு, யாரோ மெனக்கெட்டு டிசைன் போட்ட மாதிரி ஒரு புழு. இலையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே போகும். தின்று முடித்து எங்கோ போய்த் தொங்கும். அப்புறம் ஒரு நாள் காலையில் பட்டாம்பூச்சியாக முருங்கையைச் சுற்றும். கன்னியம்மாள் இதைத் துணி துவைக்கும்போது பார்த்தாள். கருகின கனகாம்பரத்தைக் கொத்தி எறிந்துவிட்டு, எருக்கிலிருந்து இரண்டு கிளை ஒடித்து அந்தப் பாத்தியில் நட்டாள். இரண்டும் பிடித்துக்கொண்டன. ஒரு செடியைப் புழுக்கள் மொட்டையடித்தால் அடுத்த செடியின் இலையைப் பறித்து, பசித்த வீட்டுக்கு எடுத்துப் போகிறவள்போலக் கொண்டுபோய் வைப்பாள்.

அழிந்துபோன வீட்டில்தான் எருக்கு முளைக்கும் என்பது தெருவின் நம்பிக்கை. தானாக முளைத்தாலே அப்படி; இவள் நட்டு வேறு வைத்திருக்கிறாள். தண்ணீருக்கு வந்த பெண்கள் எட்டிப் பார்த்து, வாய்மேல் கை வைத்துவிட்டுப் போனார்கள்.

மாணிக்கவேல் சகுனத்துக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. அவருடைய ஆட்சேபணை பொருளாதாரம் சம்பந்தப்பட்டது.

"ஏமே, புழுவுக்குப் பந்தி நடக்குதா? எல எடுத்து வெக்கறியே, அப்பளம் வெச்சியா?" என்றார் ஒரு நாள்.

கன்னியம்மாள் திரும்பவில்லை. "இந்த வூட்ல என்னைக் கூப்புடாம சாப்புடறது இதுங்க மட்டும்தாங்க" என்றாள்.

அதில் குத்தல் எதுவும் இருந்ததாக மாணிக்கவேலுக்குத் தெரியவில்லை. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் அவர் தறிக்குழியில் உட்கார்ந்தபடி "ஏமே, தார்" என்பார். அவள் ராட்டையில் ஊடைநூல் சுற்றிய தாரை எடுத்து வந்து கொடுப்பாள். "ஏமே, தண்ணி" என்பார், கொடுப்பாள். "ஏமே" என்று மட்டும் சொல்லிவிட்டு எதற்குக் கூப்பிட்டோம் என்று மறந்துபோவதும் உண்டு. அதற்கும் வந்து நிற்பாள். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் கூப்பிடுவதற்கு வேறு ஆள் இல்லை.

செடியைப் பிடுங்கிப் போடுகிறேன் என்று அவரும் தினம் சொன்னார். ஆனால் தறியை விட்டு எழுந்ததும் முட்டி இரண்டும் தனித்தனியாக முனகும். நாளைக்கு என்பார். இப்படியாக, புருஷன் பெண்டாட்டி இருவருடைய அசதியிலும் அந்த எருக்கு செழிப்பாக வளர்ந்தது.

பங்குனி முடிகிற சமயத்தில் எதிர்வீட்டு சுப்பராயலு பாவு போட்டார். சுப்பராயலு மாணிக்கவேலுக்கு மச்சான் முறை. அந்தத் தெருவில் யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும். சேலைக்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்துக் காய வைக்க வேண்டும். அதுவரை தெருவில் சைக்கிள்கூடப் போகக்கூடாது. இந்த வேலையில் மாணிக்கவேலின் பங்கு கத்துவது. "இழு", "விடு", "எவன்டா அங்க தும்மறவன்" என்பதை அவர் சொன்னால்தான் பாவு விறைக்கும் என்று ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது.

அன்றைக்குக் கஞ்சி தெளித்து முடித்த நேரத்தில் மேற்கேயிருந்து காற்று வந்தது. அதோடு வெள்ளையாக ஒரு பஞ்சு, குடை பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல் இறங்கி ஈரப் பாவில் உட்கார்ந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு தெருவே பூ போட்ட மாதிரி ஆயிற்று. எங்கோ எருக்கங்காய்கள் வெயிலில் வெடித்திருந்தன. பஞ்சைப் பிடுங்கினால் கஞ்சியோடு பட்டு இழையும் சேர்ந்து வந்தது. விட்டால் அப்படியே காய்ந்து ஒட்டிக்கொண்டது.

சுப்பராயலு பாவின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். "இன்னா மச்சான் இது? என் பாவுக்குத் தாடி மொளைக்குது" என்றார்.

மாணிக்கவேலுக்கு ரத்தம் கொதித்தது. பெரிய வாக்கியங்கள் வாயில் வரும்போது அவருக்குத் தன் வீட்டு ஞாபகம் இருப்பதில்லை. "எந்த வூட்டு எருக்கா இருந்தாலும் சரி. வேரோட பிடுங்கி ஆத்தங்கரையில வீசறவன் இந்த மாணிக்கவேலு" என்றார், தெரு இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் கேட்க.

எல்லோரும் குனிந்து பஞ்சைப் பொறுக்கினார்கள். மாணிக்கவேலின் வீட்டுப் பக்கம் பார்த்துவிடக் கூடாது என்று அத்தனை பேரும் அவ்வளவு கவனமாக இருந்ததில்தான் அவருக்கு விஷயம் புரிந்தது.

"அப்போ எப்ப பிடுங்கற, மச்சான்?" என்றார் சுப்பராயலு. குரலில் மரியாதைக்குக் குறைவில்லை.

"நாளைக்குக் காலீல."

"நாளைக்குன்னா, நாளைக்கா? இல்ல உன் நாளைக்கா?"

"நீயே வந்து பாரு."

பஞ்சு பொறுக்கி முடிய மத்தியானம் ஆயிற்று. மாணிக்கவேல் முதுகைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனபோது கன்னியம்மாள் துணிப்பைக்குள் புடவையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். போளூரில் அவள் தங்கைக்குக் கண்ணில் புரை ஆபரேஷன். கூடமாட இருந்துவிட்டு வர வேண்டும் என்று முன்பே பேசி வைத்ததுதான்.

தெருவில் பேசினதை அவள் கேட்டிருந்தாள். கேட்காமலிருக்க வேண்டுமானால் கலசப்பாக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

"பிடுங்கணும்னா பிடுங்குங்க. நா பஸ் ஏறின பொறவு பிடுங்குங்க. பாத்துகினு நிக்கத் தெம்பு இல்ல" என்றாள்.

"பிடுங்கறவன் நான். பாக்கறதுக்கு இன்னா தெம்பு?"

"அதுகூட இல்லன்றேன்."

மாணிக்கவேல் தறிக்கட்டையில் சாய்ந்தார். நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருந்தும் என்னவோ கணக்கு இடித்தது. "ஊரான் பாவு கெட்டுப்போச்சே, அதுக்கு இன்னா சொல்ற?"

"நா ஒண்ணும் சொல்லலீங்க. இந்த வூட்டுக்கு வந்து உங்களாண்ட இது வேணும் அது வேணும்னு நான் கேட்டது கெடையாது. இத்தயும் கேக்கல. புழுங்க மட்டும் சின்னது சின்னதா கீது. அதுங்களப் பாத்துக்கோங்க."

"பாத்துக்கறதுன்னா?"

"பாத்துக்கறதுதான்" என்று சொல்லி, பையின் காதை முடிந்தாள். மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

எருக்குப் பிடுங்குவதைப் பார்க்க நல்ல கூட்டம் இருந்தது. கூட்டம் இருந்தால் மாணிக்கவேலுக்கு முட்டி வலிக்காது. எருக்கம்பால் கண்ணில் படாமலிருக்க முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கடப்பாரையால் நெம்பினார். மேலே ஆள் உயரம் இருந்த செடி கீழே அதைவிட ஆழமாக இருந்தது. சுப்பராயலு "ஜல்தி ஜல்தி" என்று ஊக்கம் கொடுத்தார். மூன்று செடிகளும் வெளியே வந்தபோது தோட்டத்தில் பல்லுப் பிடுங்கின மாதிரி மூன்று குழிகள். எல்லாவற்றையும் வண்டியில் போட்டுக் கமண்டல நாக நதிக்கரையில் தள்ளிவிட்டு வந்தார்கள். டீக்கடையில் மாணிக்கவேல் புழு ரகங்களைப் பற்றி மறுபடியும் ஒரு தரம் விளக்கினார்.

சாயங்காலம் தண்ணீர் குடிக்க எழுந்தவர், சமையற்கட்டு வாசற்படியில் ஒரு புழுவைப் பார்த்தார். நெம்பியதில் செடியிலிருந்து உதிர்ந்தவற்றில் ஒன்று. கொம்பை ஆட்டி ஆட்டி, விலாசம் தெரியாத ஆள்போல இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தது. விளக்குமாற்றால் தள்ளினார். இன்னொன்று சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. அதையும் தள்ளினார். அது மறுபடியும் முதலிலிருந்து ஏறியது. ஒன்று கன்னியம்மாளின் ராட்டையில், அவள் கை வைத்துச் சுற்றுகிற பிடிமேல் வந்து நின்று, தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது.

மாணிக்கவேல் ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்கூட்டம் மொத்தமும் பேஜார் புடிச்சதுங்க" என்றார் அதனிடம். அது மறுக்கவில்லை.

அவள் திரும்பி வந்து புழுக்கள் எங்கே என்று கேட்டால் சொல்வதற்கு அவரிடம் பதில் இருந்தது. பெரிய பதில், தெரு முழுக்கக் கேட்கும்படியே சொல்லிவிடலாம். ஆனால் அவள் கேட்கமாட்டாள். நேராகத் தோட்டத்துக்குப் போவாள், குழிகளைப் பார்ப்பாள், திரும்பி வந்து ராட்டையில் உட்காருவாள். "ஏமே, தார்" என்றால் தார் வரும். தண்ணீர் என்றால் தண்ணீர் வரும். எதிலும் ஒரு குறை இருக்காது. இனிமேல் சாகிறவரைக்கும் அப்படியே வந்துகொண்டிருக்கும். அதை நினைத்ததும் அவருக்கு அன்றைக்கு நெம்பிய அத்தனை வலியும் ஒன்றாக வந்து இறங்கியது.

எழுந்து முறத்தை எடுத்தார். கிடைத்த புழுக்களையெல்லாம் பொறுக்கிப் போட்டார். முருங்கை இலை வைத்தார், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்து வேலியிலிருந்து செம்பருத்தி, பூவரசு என்று வைத்துப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் மாதிரி ஒன்றையும் தொடாமல் உட்கார்ந்திருந்தன.

விடிவதற்கு முன்னால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார். முந்தின நாள் அவரே வீசிய செடிகள் வாடிக் கிடந்தன. கரையோரம் வேறு எருக்குகள் நின்றன. இளம் இலையாகப் பார்த்து ஒடித்துத் துண்டில் முடிந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. சுப்பராயலு, கையில் சொம்போடு.

"இன்னா மச்சான், நேத்து பிடுங்கினவன் இன்னிக்குப் பறிக்கிற?"

மாணிக்கவேல் யோசிக்கவில்லை. "முட்டிக்கு. எருக்கு எலய வாட்டிக் கட்டினா வாயு எறங்கும்."

"வெறும் எலையா?"

"வேப்பெண்ண தடவணும்."

சுப்பராயலு குனிந்து தன் முட்டியை அமுக்கிப் பார்த்தார். அவரும் தறிக்குழியில் கால் விட்டு உட்காருகிறவர்தான். "எனுக்கும் ரெண்டு பறியேன்" என்றார்.

பட்டுத்தொழில் தெரிந்தவன் புழுவுக்கு எப்படித் தீனி போடுவான் என்பதை மாணிக்கவேல் அன்றைக்கு அந்த வீட்டில் செய்து காட்டினார். பார்ப்பதற்கு யாரும் இல்லை. பட்டுப்புழு வளர்க்கிற ஊர்களில் இலையை நறுக்கித் தட்டில் பரப்புவார்கள் என்று நூல் வியாபாரி ஒருவர் எப்போதோ சொன்னது ஞாபகம். அரிவாள்மனையில் எருக்கிலையைக் கீரை அரிவதுபோலப் பொடியாக அரிந்து முறத்தில் தூவினார். அரிவாள்மனை, கை, தரை எல்லாம் பால். வெயில் ஏறுவதற்குள் நறுக்கினதெல்லாம் சுருண்டு பொரியாகிவிட்டது. புழுக்கள் அதன்மேல் கொஞ்சம் நடந்து பார்த்துவிட்டு, சாப்பாடு சரியில்லாத மெஸ்ஸை விட்டுப் போகிற மாணவர்கள்போல, முறத்தை விட்டு இறங்கி வெவ்வேறு திசைகளில் கிளம்பிவிட்டன.

தவழ்ந்து தவழ்ந்து தேடினார். கிடைத்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து, இந்தத் தடவை காம்போடு முழு இலையாக, டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வைத்தார். கன்னியம்மாள் அரியாமல்தான் வைப்பாள் என்பது அப்போது ஞாபகத்துக்கு வந்தது. தின்றன. இலை ஓரத்தில் தலையை மேலும் கீழும் ஆட்டி, தறியில் அச்சுப்பலகை அடிக்கிற தாளத்தில் தின்றன.

பெரிய புழு ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. அது தறிக்குமேல் இருந்தது. சேலையில் பூ போடுகிற ஜக்கார்டு பெட்டியிலிருந்து இறங்குகிற கயிறுகளில் ஒன்றை, வாலால் பிடித்துத் தலைகீழாகத் தொங்கியது. செத்துக்கொண்டிருக்கிறது என்று முடிவுசெய்து, ஒன்றும் செய்ய முடியாதவராகக் கீழே உட்கார்ந்து பார்த்தார். அப்படியே தூங்கிப்போனார். காலையில் அந்த இடத்தில் இளம்பச்சையாக, குண்டுமணி மாதிரி ஒரு கூடு தொங்கியது. கழுத்தைச் சுற்றி வரிசையாகப் பொன் புள்ளிகள்.

மாணிக்கவேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அருகில் போய்ப் பார்த்தார். ஜரிகை பார்க்கிறவருக்குக் கண் பொய் சொல்லாது. கலப்படமில்லாத வேலை. நூல் எங்கேயாவது ஆரம்பிக்கிறதா என்று சுற்றிச் சுற்றித் தேடினார். நூல் என்று சொல்ல, காம்பில் ஒட்டியிருந்த பிசின் அளவுதான் இருந்தது. "உனுக்கு எதுக்கு இந்த ஜம்பம்" என்றார்.

தறிக்குழியில் கால் வைத்தார். மிதியை அமுக்கினார். பெட்டி ஏறியது, கயிறுகள் வெடுக்கென்று இழுபட்டன, குண்டுமணி ஊஞ்சலாடியது. மிதியை விட்டார். இன்னொரு தரம் மெதுவாக அமுக்கிப் பார்த்தார். மெதுவாக நெய்கிற மாதிரி அந்தப் பெட்டியை யாரும் செய்யவில்லை. காலை வெளியே எடுத்தார்.

பக்கத்து வீடுகளிலெல்லாம் தறி ஓட, ஒரு வீடு மட்டும் பேசாமலிருந்தால் அந்தத் தெருவில் சாவு விழுந்த மாதிரி. இப்படியே மூன்று நாள் ஆனதும் சுப்பராயலு வந்துவிட்டார். மாணிக்கவேல் நடைக்கே வந்து, அவர் உள்ளே போகாதபடி வாசற்படியை மறித்துக் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"இன்னா, தறி ஓடல?"

"முட்டி."

சுப்பராயலு வேட்டியைத் தூக்கித் தன் முட்டியைக் காட்டினார். இலை கட்டிய அடையாளம் பச்சையாக இருந்தது. "எனுக்கு நல்லா கேக்குதே. ஏறி எறங்கறேன். உனுக்கு ஏன் கேக்கல?"

"ஒடம்பு வாகுன்னு ஒண்ணு கீதுல்ல."

"ஆனா தெனமும் ஆத்தாண்ட போய் வர்றதுல திரும்பவும் வலி வந்துடுது மச்சான்" என்று பெருமூச்சு விட்டார் சுப்பராயலு. "அவசரப்பட்டுட்டோமோ? செடி வூட்லயே இருந்தா தோதா இருந்திருக்கும். பஞ்சு வுடறதுக்கு முன்னாடி காயைக் கிள்ளிப் போட்டா ஆச்சு. எலையா பஞ்சு வுடுது?"

"பிடுங்கச் சொன்னவன் நீ."

"பிடுங்கறேன்னவன் நீ."

இரண்டுமே உண்மையாக இருந்ததால் பேச்சு அதற்குமேல் ஓடவில்லை.

அந்த மத்தியானம் மாணிக்கவேல் தறிப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தார். பகலில் படுத்துப் பார்த்தால் வீட்டுக் கூரை இவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தறி நின்ற வீட்டில் மற்ற சத்தங்களெல்லாம் கேட்டன: முருங்கையில் காக்கை, டம்ளரில் இலை கடிபடுகிற சத்தம்கூட, அல்லது அப்படி ஒரு நினைப்பு. "ஏமே" என்றார் பழக்கத்தில். யாரும் வரவில்லை. எதற்குக் கூப்பிட்டோம் என்பதும் தெரியவில்லை. அவளுக்கு இப்படிப் படுக்க எந்த மத்தியானம் கிடைத்தது என்று யோசித்துப் பார்த்தார், யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டார்.

ஒரு வாரம் கழித்துக் கன்னியம்மாள் போளூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவர் நினைத்தபடியே நேராகத் தோட்டத்துக்குப் போனாள். குழிகளைப் பார்த்தாள். துவைக்கிற கல்லில் ஒரு கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, ராட்டைப் பக்கம் போனவள், முறத்தைப் பார்த்தாள். டம்ளரில் இலைக்கொத்து. இலைக்கு ஒன்றாகப் புழு.

மாணிக்கவேல் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "தங்கச்சி கண்ணு தெரியுதா?" என்றார்.

"தெரியுது. என்னைப் பாத்து, இன்னாக்கா இப்பிடிக் கறுத்துட்டியேன்னு கேக்கறா." பையைக் கீழே வைத்தாள். "தறி ஏன் ஓடல?"

"முட்டி."

அவள் அவருடைய முட்டியைப் பார்க்கவில்லை. தறியைப் பார்த்தாள். கயிறு வழியாக மேலே பார்த்தாள். குண்டுமணி பச்சை போய்க் கறுத்து, கண்ணாடிபோல ஆகியிருந்தது. உள்ளே காவி நிறம் மடிந்து கிடந்தது தெரிந்தது.

"அது தானா ஏறிச்சு. நான் ஏத்தல" என்றார் மாணிக்கவேல்.

"சரிங்க."

"நாளைக்குப் பூடும்னு நெனைக்கிறேன்."

"சரிங்க" என்றாள் மறுபடியும். ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்தாள். "தார் சுத்தட்டா?"

"எதுக்கு? தறிதான் ஓடலியே. படு."

கன்னியம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஆபரேஷன் யாருக்கு நடந்தது என்று சந்தேகப்படுகிற பார்வை அது. பிறகு அவர் விரித்து வைத்திருந்த பாயில், பஸ்ஸில் வந்த புடவையோடேயே படுத்தாள். படுத்தவுடன் தூங்கினாள்.

மறுநாள் காலையில் அது வெளியே வந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கசங்கின சிறகுகளைத் தொங்கவிட்டு உலர்த்தியது. காவி உடல், கறுப்பு பார்டர், பார்டர் முனையில் வெள்ளைப் புட்டா. மாணிக்கவேல் பின்னால் கைகட்டிப் பார்த்தார். "பார்டர் சன்னம். இன்னும் ரெண்டு வெரக்கட அகலமா வெச்சிருக்கலாம்" என்றார். கன்னியம்மாள், "டிசைன் போட்டப்ப நீங்க இருந்திருந்தா சொல்லியிருக்கலாம்" என்றாள். அது முருங்கைப் பக்கம் போனதும் அவர் குழியில் காலை விட்டார். தறி ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டு சுப்பராயலு எதிர்வீட்டிலிருந்து, "இன்னா, எல வேல செஞ்சிடுச்சா?" என்று கேட்டார். செய்துவிட்டது என்று இவரும் சொன்னார்.

சித்திரை பிறந்தது. டீக்கடை பெஞ்சில் புதிதாக வந்த ஒரு நூல் வியாபாரிக்கு மாணிக்கவேல், உலகத்தில் புழுக்கள் மொத்தம் இரண்டே ரகம் என்று விளக்கினார். டீயைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னார். நூல் தராத ரகத்துக்கு இலை போடுகிற கை தன் வம்சத்திலேயே இல்லை என்றார். சுப்பராயலு பக்கத்தில் உட்கார்ந்து, முட்டியைத் தடவிக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்றார்.

வீட்டில், மூன்று குழிகளில் நடுக் குழியில், ஆற்றங்கரையிலிருந்து வந்த ஒரு எருக்கங்கிளை துளிர் விட்டிருந்தது. முட்டிக்காக வைத்தது என்பது தெருவுக்குத் தெரியும். துளிர் போதாத நாட்களில் விடிவதற்கு முன்னால் யாரோ ஆற்றங்கரைக்குப் போய்வருகிறார்கள் என்பது கன்னியம்மாளுக்கும் தெரியும். அவள் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அவள் இன்னும் படுத்திருந்தாள். இப்போதெல்லாம் கொஞ்சம் தாமதமாகத்தான் எழுகிறாள்.

மாணிக்கவேல் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், முட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். துண்டின் முடிச்சை அவிழ்த்தார். இருக்கிறதில் இளசாக ஒரு இலையை எடுத்து, அதன்மேல் படிந்திருந்த ஆற்றுமணலை வேட்டி நுனியால் துடைத்தார். பிறகு சின்னப் புழு ஒன்றின் முகத்துக்கு நேரே, அது அதிகம் நடக்க வேண்டியிராதபடி பார்த்து, வைத்தார்.